கணக்கில் வராத உழைப்பு

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்றொரு பழமொழி உண்டு. வேலைக்குப் போவது ஆணுக்கு அழகு என்பது அதன் பொருள். அப்படியானால் பெண்ணுக்கு எது அழகு? இந்தக் கேள்வியை வைத்துப் பொங்கல் விழா மேடைகளிலும் தீபாவளி நிகழ்ச்சிகளிலும் நடந்த பட்டிமன்றங்களுக்குக் கணக்கில்லை. குடும்பமே பெண்ணுக்குச் சிறப்பு என்று ஓரணி பேசும். தொழிலே சிறப்பு என்று மற்றோரணி வாதாடும். முதல் அணியினர் தாயின் அன்பையும் பிள்ளை வளர்ப்பையும் எடுத்துக்காட்டுவர். இரண்டாம் அணியினர் மருத்துவர்களையும் விமானிகளையும் பட்டியலிடுவர். நடுவர் இருவரையும் பாராட்டி, வீடும் வேலையும் இரண்டு கண்கள் என்று தீர்ப்பளிப்பார். கைதட்டலோடு கூட்டம் கலையும்.

எதிரெதிராக நின்று பேசினாலும், இரண்டு அணிகளும் ஒரு செய்தியைக் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொள்கின்றன. பெண் வீட்டுக்குள் இருந்தது பழைய வழக்கம். வேலைக்குப் போவது புதிய வழக்கம் என்பதே அது. ஜொகூர் பாருவின் புறநகரான தம்போயையும் அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் வந்த வழியையும் பார்த்தால், இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பது புலப்படும்.

தம்போயில் பொழுது விடிவதற்கு முன்பே சாலைகள் விழித்துக்கொள்ளும். சீருடை அணிந்த பெண்கள் தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்திருப்பர். இரவு வேலை முடிந்தவர்கள் அதே பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடப்பர். சிங்கப்பூரில் வேலை செய்வோர் 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தைக் கடப்பதற்காக, நெரிசல் தொடங்குமுன் மோட்டார் சைக்கிளை முடுக்குவர். அவர்களில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. அந்தப் பெண்களில் பலர் கிளம்புவதற்கு முன் சமைத்து முடித்து, பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை எடுத்து வைத்துவிட்டே வந்திருப்பர்.

இப்பெண்களின் பாட்டிமார் பலர் ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். அவர்களும் விடியுமுன் எழுந்தவர்களே. இருட்டிலேயே பெரட்டுக்களத்தில் கூடிப் பெயர் கொடுத்த பிறகு, உளியும் வாளியுமாகத் தத்தம் நிரைக்குப் போயினர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் மரம் வெட்டும் வேலை விரைந்து நடந்தது. பின்னர் ஒவ்வொரு மங்காகப் பாலைச் சேர்த்து, நிறைந்த வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டு சென்றனர். ஆண் வெட்டிய மரமும் பெண் வெட்டிய மரமும் ஒரே பாலைத்தான் தந்தன. கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போன தாய்மாரை யாரும் ‘தொழில் செய்யும் பெண்கள்’ என்று சொல்லவில்லை. அவர்களை வைத்துப் பட்டிமன்றமும் நடக்கவில்லை. அவர்கள் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அரிசி இருந்திருக்காது.

பெண்கள் வேலை செய்ததைப் பற்றித் தோட்ட நிருவாகங்களுக்கு ஐயமே இல்லை. சம்பளம் கொடுக்கும்போதுதான் அவை வேறுபாடு காட்டின. 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் அரசு வகுத்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை சரிந்தபோது கூலியும் வெட்டப்பட்டது. ஆணுக்கு 40 காசு, பெண்ணுக்கு 32 காசு என்றாயிற்று. ஏற்றத்திலும் இறக்கத்திலும் அந்த ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு மட்டும் மாறவில்லை என்பதைக் கணிதம் தெரிந்த மாணவர் உடனே காண்பர்.

கூலி பெற்றுக்கொண்டு திரும்பியபின் அடுத்த வேலை தொடங்கியது. விறகு பொறுக்குதல், தண்ணீர் சுமத்தல், சமையல், துணி துவைத்தல், பிள்ளைகளைக் குளிப்பாட்டுதல் ஆகியவற்றுக்குக் காசு கணக்கே கிடையாது. பெரட்டில் பெயர் எழுதிய கிராணியும் இந்த வேலைகளை எழுதவில்லை. ஆகவே, தமிழ்ப் பெண்ணின் வரலாற்றில் ‘வேலைக்குப் போகலாமா?’ என்ற கேள்வி ஏறத்தாழ எழவே இல்லை எனலாம். அவளது உழைப்பு எவ்வளவு குறைவாக மதிப்பிடப்பட்டது, எதெல்லாம் மதிப்பிடப்படாமலே போயிற்று என்பவைதாம் எழுந்திருக்க வேண்டிய கேள்விகள். இன்னும் பின்னோக்கிப் போனால், சங்க காலத்திலும் தினைப்புனம் காத்தவர்களும் மீனும் உப்பும் விற்றவர்களும் பெண்களே. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். வீட்டை விட்டு வெளியே வராத பெண்ணே பழந்தமிழ்ப் பெண் என்று மேடையில் பேசுவோர் எந்தக் காலத்தைச் சொல்கின்றனர் என்று கேட்கத் தோன்றுகிறது.

தம்போய்க்கே உரிய மற்றொரு வரலாறும் உண்டு. இவ்வூரின் பழைய அடையாளங்களுள் ஒன்று, இன்று பெர்மாய் மருத்துவமனை என்று அழைக்கப்படும் மனநல மருத்துவமனை. அது 1937-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் நெருங்கிய வேளையில், 1941 நவம்பரில், ஆஸ்திரேலிய இராணுவத்தின் 13-ஆவது பொது மருத்துவமனை சிங்கப்பூரிலிருந்து தம்போய்க்கு வந்து அந்த வளாகத்தில் இயங்கியது. அதில் பணியாற்றிய தாதியருள் ஒருவர் விவியன் புல்விங்கல். ஜப்பானியப் படை மலாயாவில் தெற்கு நோக்கி முன்னேறியதால், 1942 சனவரியில் மருத்துவமனை மீண்டும் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. பிப்ரவரி 12-ஆம் நாள் 65 ஆஸ்திரேலியத் தாதியர் ‘வைனர் புரூக்’ என்னும் கப்பலில் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டனர். இரண்டு நாளில் அக்கப்பல் குண்டு வீச்சில் மூழ்கியது. சுமத்திராவை அடுத்துள்ள பங்கா தீவில் கரையேறிய 22 தாதியரை ஜப்பானிய வீரர்கள் கடலுக்குள் நடக்கச் செய்து சுட்டனர். 21 பேர் மாண்டனர். குண்டுக் காயத்துடன் உயிர் பிழைத்த ஒரே தாதி புல்விங்கல். போர்க்கைதியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் துன்புற்றுத் தாயகம் திரும்பிய பின்னும் அவர் தாதிமைத் தொழிலை விடவில்லை. மெல்பர்னில் ஒரு மருத்துவமனையின் தாதியர் பிரிவுக்கே தலைவரானார்.

தாதிமையைப் பெண்களுக்கு ஏற்ற மென்மையான தொழில் என்று சொல்வது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். நோயாளியைப் பார்த்துக்கொள்வது வீட்டு வேலையின் நீட்சிதானே என்று கருதியதால் அத்தொழிலுக்குச் சமுதாயம் எளிதில் இசைந்தது. ஆசிரியப் பணியும் அப்படித்தான். பிள்ளைகளைக் கவனிப்பது பெண்ணின் இயல்பு என்றனர். பெண்களுக்கு வேலை உலகின் கதவு இந்த இரண்டு வாயில்களில்தான் முதலில் திறந்தது. ஆனால், இயல்பாக வருவதற்கு எதற்கு முழுச் சம்பளம் என்ற எண்ணமும் அதே வாயில் வழியாக உள்ளே நுழைந்துவிட்டது.

அந்த எண்ணத்தை எதிர்த்து இந்நாட்டில் நடந்த போராட்டத்தில் முன்னின்றவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. ராசம்மா பூபாலன் 1927-இல் ஈப்போவில் பிறந்தவர். 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது அவருக்கு வயது பதினாறு. கேப்டன் லட்சுமியின் தலைமையில் இயங்கிய அப்படையில் மலாயாவின் தோட்டப்புறப் பெண்கள் பலர் சேர்ந்தனர். அவர்களோடு ராசம்மாவும் சேர்ந்தார். துப்பாக்கி ஏந்திப் பயிற்சி பெற்றுப் பர்மாவரை சென்றார். போர் முடிந்தபின் படிப்பைத் தொடர்ந்து பட்டம் பெற்று ஆசிரியரானார்.

போர்க்களத்துக்குப் போய் வந்தவருக்கு ஆசிரியர் அறையில் ஓர் அநீதி காத்திருந்தது. ஒரே பள்ளியில், ஒரே தகுதியுடன், ஒரே பாடத்தைக் கற்பித்தாலும் பெண்ணாசிரியருக்கு ஆணாசிரியரைவிடச் சம்பளம் குறைவு. அதைவிடக் கொடியது மற்றொன்று. அரசுப் பணியிலுள்ள பெண் திருமணம் செய்துகொண்டால் நிரந்தரப் பதவியை இழக்க நேரிடும். அதன்பின் தற்காலிக ஊழியராகவே தொடரலாம். திருமணம் செய்துகொண்ட ஆணின் பதவிக்கோ எந்தக் குறையும் வராது.

இதற்குச் சொல்லப்பட்ட நியாயம், ஆண்தான் குடும்பத்தைத் தாங்குபவன் என்பது. அவனுக்குப் பொறுப்பு அதிகம், ஆகவே சம்பளமும் அதிகம் என்றனர். கேட்பதற்குச் சரி போலத் தோன்றும் இந்த வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். திருமணமாகாத இளைஞர் ஒருவருக்குத் தாங்க வேண்டிய குடும்பம் இல்லை. ஆனாலும் அவருக்கு முழுச் சம்பளம் கிடைத்தது. கணவரை இழந்து மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் ஆசிரியைக்குக் குடும்பப் பாரம் முழுவதும் இருந்தது. ஆனாலும் அவருக்குக் குறைந்த சம்பளமே கிடைத்தது. குடும்பப் பொறுப்பைப் பார்த்துச் சம்பளம் கொடுக்கப்பட்டிருந்தால் இந்த இருவரின் நிலையும் தலைகீழாக இருந்திருக்கும். அங்கே பார்க்கப்பட்டது ஆளின் பொறுப்பும் அன்று, செய்த வேலையும் அன்று. ஆணா பெண்ணா என்பது மட்டுமே.

1960-இல் ராசம்மா பூபாலன் பெண்ணாசிரியர் சங்கத்தை நிறுவினார். பெண்களுக்கெனத் தனிச் சங்கம் எதற்கு, ஆசிரியர் ஒற்றுமை குலையாதா என்று முணுமுணுத்தோரும் உண்டு. ஆனால், பொதுச் சங்கங்களில் இந்தக் கோரிக்கை முதல் வரிசைக்கு வராது என்பது பெண்ணாசிரியர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ‘சம வேலைக்குச் சம சம்பளம்’ என்பதே அவர்களின் முழக்கம். அவர்கள் கேட்டது சலுகை அன்று. ஐக்கிய நாடுகளைச் சார்ந்த அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1951-லேயே இந்தக் கொள்கையை ஓர் உடன்படிக்கையாக ஏற்றிருந்தது.

மனுக்களும் கூட்டங்களும் பேச்சு வார்த்தைகளுமாக ஆண்டுகள் கடந்தன. ஏறத்தாழப் பத்தாண்டு முயற்சிக்குப் பின், 1969-இல் அரசுப் பணியில் பெண்களுக்கும் சம சம்பளம் என்ற கொள்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதுவும் ஒரே நாளில் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை, படிப்படியாகவே வந்தது. திருமணமான பெண்களுக்கு நிரந்தரப் பதவி என்ற கோரிக்கையும் நிறைவேறியது. அதே 1969-இல் ராசம்மா கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராகப் பொறுப்பேற்று 1982 வரை பணியாற்றினார். இன்று சம்பளச் சீட்டைக் கையில் வாங்கும் இளம் ஆசிரியை எவரும் அதில் ஆண், பெண் என்று இரண்டு அளவுகோல் இருந்ததை அறிந்திருக்க மாட்டார். உலகில் சில போராட்டங்களின் வெற்றி இப்படித்தான். வென்றபின் அப்படியொரு குறை இருந்ததே மறந்துபோகும்.

சங்கம் இருந்த இடத்தில் இது முடிந்தது. சங்கம் வலுவாக இல்லாத இடங்களில் கதை வேறு. 1970-களில் மலேசியா தொழில் வளர்ச்சியை நோக்கி வேகமாக நடைபோட்டது. பினாங்கிலும் சிலாங்கூரிலும் ஜொகூரிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தம்போயும் அப்படித்தான் மாறியது. சுற்றுவட்டாரத்தில் தொழிற்பேட்டைகளும் அவற்றை ஒட்டிக் குடியிருப்புகளும் பெருகின. தோட்டத்து வேலையை விட்டு வந்த குடும்பங்களின் மகள்கள், மலாய்க் கம்பங்களிலிருந்து வந்த பெண்களோடும் சீனப் பெண்களோடும் ஒரே வரிசையில் அமர்ந்து நுண்ணோக்கியின் வழியே மெல்லிய கம்பிகளைப் பொருத்தினர்.

முதலீட்டாளர்களை ஈர்க்க அக்காலத்தில் வெளிவந்த விளம்பரங்கள் கீழை நாட்டுப் பெண்களின் கைகளைப் புகழ்ந்தன. சிறிய கைகள், வேகமான விரல்கள், நுணுக்கமான வேலைக்கே பிறந்தவர்கள் என்ற பொருளில் அவை பேசின. மேலோட்டமாகப் பார்த்தால் இது பாராட்டு. ஆனால் விரலைப் புகழ்ந்தவர்கள் அந்த விரலுக்குரியவரின் அறிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வரிசையில் அமர்ந்து பொருத்துவதற்குப் பெண். அவ்வரிசையை மேற்பார்வையிட ஆண் என்ற ஏற்பாடு பல தொழிற்சாலைகளில் நீண்ட காலம் நிலவியது. நாற்பது காசு, ஐம்பது காசு என்று கணக்கேட்டில் எழுதுவதற்குப் பதிலாக, பதவியின் பெயரிலேயே வேறுபாடு அமைந்துவிட்டது.

இதே தொழிற்சாலைகளை ஒட்டி எழுந்த ஒரு சட்ட விவாதமும் சிந்திக்கத் தக்கது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தொழில்துறையிலும் விவசாயத்திலும் பெண்கள் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை செய்வதைத் தடை செய்தது. நிலத்தடி வேலைக்கும் அவர்களை அனுப்பக்கூடாது என்றது. தொழிற்சாலைகள் அரசிடம் விலக்குப் பெற்றே பெண்களை இரவு முறைக்கு அமர்த்தின. இந்தத் தடை பெண்களுக்குப் பாதுகாப்பா, தடைக்கல்லா? பாதுகாப்பு என்போரின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நள்ளிரவில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை இருட்டில் நடக்கும் பெண்ணின் அச்சம் உண்மையானது. எனினும், இருட்டு ஆபத்தானது என்றால் சாலைக்கு விளக்குப் போடுவதும், வீட்டு வாசல்வரை வண்டி விடுவதும் அல்லவா தீர்வு? பெண்ணை வீட்டில் நிறுத்தினால் சாலை அப்படியேதான் இருட்டாக இருக்கும். 2023 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த சட்டத்திருத்தம் அந்தத் தடைகளை நீக்கிவிட்டது. விளக்கும் வண்டியும் எல்லா இடத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டனவா என்பதை இரவு முறை முடிந்து திரும்பும் தொழிலாளரே சொல்ல வேண்டும்.

அரசியலமைப்பும் மாறியிருக்கிறது. 2001-இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவில் ‘பால்’ என்ற சொல் சேர்க்கப்பட்டது. சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றைப் போலவே ஆண், பெண் என்ற அடிப்படையிலும் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் பொருள். ஒற்றைச் சொல்லால் என்ன பயன் என்று கேட்போருக்குப் பத்தாண்டு கழித்து ஒரு வழக்கு விடை தந்தது. உலு லங்காட் வட்டாரத்தில் தற்காலிக ஆசிரியர் பணி வழங்கப்பட்ட பெண் ஒருவர் கருவுற்றிருப்பது தெரிந்ததும் அந்தப் பணி மீட்டுக்கொள்ளப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். கருவுற்றிருப்பதைக் காரணம் காட்டி வேலை மறுப்பது பால் அடிப்படையிலான பாகுபாடே என்று 2011-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணுக்கு ஒருபோதும் வர முடியாத நிலையைக் காட்டி ஒருவரை விலக்கினால், அது பெண் என்பதற்காக விலக்குவதே அல்லவா? கருவுற்றிருந்த அந்தப் பெண் வேலையை மறந்து வீட்டில் இருந்திருந்தால் இத்தீர்ப்பு வந்திருக்காது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தபின்னும், மலேசியாவில் வேலை செய்யும் வயதுடைய பெண்களில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரே தொழிலாளர் சந்தையில் இருக்கின்றனர். ஆண்களிலோ 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருக்கின்றனர். இத்தனைக்கும் அரசு பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். பட்டமளிப்பு மண்டபத்தில் நிறைந்திருந்த பெண்கள் எங்கே போயினர்? முதல் குழந்தைக்குப் பிறகோ இரண்டாம் குழந்தைக்குப் பிறகோ வேலையை விட்டவர்கள் பலர். வயதான மாமியாருக்கோ தந்தைக்கோ துணையாக இருக்க விட்டவர்களும் உண்டு.

குடும்பமே முதன்மை என்போரின் குரலுக்கு இந்த இடத்தில் வலு இருக்கிறது. கைக்குழந்தையைப் பாலர் பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருப்பது எளிதன்று. பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போய் வருவோர் பிள்ளைகள் எழுமுன் கிளம்பி, அவர்கள் உறங்கியபின் திரும்புவதும் உண்டு. பணம் வரும், பேச நேரம் வராது. வீட்டில் ஒருவர் இருந்தால் நல்லது என்று நினைப்பது பழைமைவாதம் அன்று. பிள்ளைகளோடு இருக்க விரும்பி வேலையை விட்ட தாயைத் திறமையை வீணாக்கியவர் என்று ஏசுவதும் நியாயம் அன்று. ஆனால் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும் என்றதும், அந்த ஒருவர் யார் என்பதைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறோம். மனைவி பொறியாளர், கணவர் எழுத்தர் என்றாலும் வேலையை விடுவது மனைவியாகவே இருக்கிறது. கணவர் விட்டால் உற்றார் உறவினர் சும்மா இருப்பார்களா? பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவன் என்ற பேச்சு அவரைத் துரத்தும். ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்ற பழமொழி பெண்ணை மட்டும் கட்டிப்போடவில்லை. வேலை இழந்த ஆணையும், பிள்ளையைத் தூக்கி வளர்க்க ஆசைப்பட்ட தந்தையையும் அது லட்சணம் இல்லாதவராக்கி விடுகிறது.

பள்ளிப் படிவங்களில் தாயின் தொழில் என்ற கட்டத்தை நிரப்பும்போது ‘இல்லை’ என்று எழுதும் மாணவர்கள் உண்டு. அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், சும்மா வீட்டில் இருக்கிறார் என்பார்கள். அந்தச் ‘சும்மா’வுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு நாட்டு மக்களே ஒரே நாளில் தெரிந்துகொண்டதும் நடந்திருக்கிறது. ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24-ஆம் நாள், ஏறத்தாழ 90 விழுக்காட்டுப் பெண்கள் வேலையை நிறுத்தினர். அலுவலக வேலையை மட்டுமன்று. சமையல், துவைத்தல், பிள்ளை பார்த்தல் எல்லாவற்றையும் நிறுத்தினர். பள்ளிகளும் தொழிற்சாலைகளும் கடைகளும் முடங்கின. தந்தையர் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றனர். எளிதில் சமைக்கலாம் என்பதால் கடைகளில் சோசேஜ் விற்றுத் தீர்ந்ததாம். மறு ஆண்டே அந்நாட்டு நாடாளுமன்றம் ஆண், பெண் சமத்துவச் சட்டத்தை நிறைவேற்றியது. 1980-இல் விக்டிஸ் ஃபின்போகதோத்திர் என்ற பெண்மணி, தனியாகப் பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்தவர், அந்நாட்டின் அதிபராக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் அதிபர் அவரே.

மலேசியாவில் அப்படியொரு வேலைநிறுத்தம் நடந்ததில்லை. ஆயினும் வீட்டு உழைப்பைக் கணக்கில் எடுக்கும் முயற்சி அமைதியாகத் தொடங்கியிருக்கிறது. 2022-இல் இயற்றப்பட்ட இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் முதல் நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா செலுத்தினால், வீட்டு வேலையின்போது விபத்து நேர்ந்தாலோ உடல் முடக்கம் ஏற்பட்டாலோ சொக்சோ நிறுவனம் உதவித்தொகை வழங்கும். கொதிக்கும் எண்ணெய் கையில் பட்டதும், குளியலறையைக் கழுவும்போது வழுக்கி விழுந்ததும் இதுவரை ‘வீட்டில் நடந்த விபத்து’ என்றே சொல்லப்பட்டன. தொழிற்சாலையில் இயந்திரத்தில் கை மாட்டியவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அடுப்படியில் கை வெந்தவருக்குக் கிடைக்கவில்லை. சமையலறையும் ஒரு வேலையிடம் என்று சட்டம் சொல்வது தோட்டத்துக் கிராணியின் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

2023-இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் வேறு இரண்டு எண்களும் இருக்கின்றன. தனியார் துறையில் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கு முதன்முறையாகச் சட்டப்படி சம்பளத்துடன் விடுப்பு கிடைத்தது. அது 7 நாள். வேலை நேரத்தையும் வேலையிடத்தையும் குடும்பச் சூழலுக்கேற்ப மாற்றித் தரும்படி முதலாளியிடம் எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும் அத்திருத்தம் வழி செய்தது. அந்த விண்ணப்பத்தைத் தாயும் கொடுக்கலாம், தந்தையும் கொடுக்கலாம். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தந்தை ஒருவர் அந்த ஏழு நாளையும் எடுத்துக்கொண்டு பிள்ளைக்கு அணையாடை மாற்றுவாரா, எட்டாம் நாள் காலை என்ன செய்வார் என்பது அந்தந்த வீட்டில்தான் தெரியும்.